நடுவில் விட்ட நடை

ஓம் சரவணபவ.

இன்னைக்கு எழுதப் போறது தல வரலாறு இல்லை, விரத முறையும் இல்லை. ரொம்ப சின்ன விஷயம். தினமும் காலையில் நடக்கிறேன்னு ஆரம்பிச்சு, நடுவில் விட்டுட்டு, விட்டதை மூணு மாசம் மறைச்சு வச்சு, அப்புறம் மறுபடி நடக்க ஆரம்பிச்ச கதை. "வாக்கிங் போறதுல என்னப்பா பெரிய தத்துவம்?"னு கேட்பீங்க. எனக்கும் முதல்ல ஒண்ணும் தெரியலை. ஆனா ஒரு கேள்வி என்னை ரொம்ப நாள் விடாம துரத்துச்சு. ஒரு தடவை சொன்ன சொல்லை மீறினவனுக்கு, மறுபடி அதே சொல்லைச் சொல்ல உரிமை இருக்கா?

நம்ம வயசுல நிறைய பேருக்கு இந்தக் கேள்வி வேற வேற ரூபத்துல வருது. "சஷ்டி விரதம் நாலாவது நாள் தடைபட்டுச்சு, எல்லாம் வீணா?" "48 நாள் இருக்கேன்னு வேண்டிக்கிட்டேன், 30வது நாள் விட்டுப் போச்சு, முருகன் கோவிச்சுப்பாரா?" விரத விதியைப் பத்தித் தீர்ப்பு சொல்ற தகுதி எனக்கு இல்லை. அதை உங்க வீட்டுப் பெரியவங்க கிட்டயோ கோயில்லயோ கேட்டுக்கோங்க. நான் சொல்றது என் கதை மட்டும்தான்.

அப்பாவின் கால்

எங்க ஊர் பொள்ளாச்சி. அப்பா தென்னை நார் மில்லில் கணக்கு எழுதிட்டு இருந்தவர். இருபது வருஷத்துக்கு மேல தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போனவர். பொள்ளாச்சியில் இருந்து கோமங்கலம், உடுமலை, மடத்துக்குளம் வழியா பழனி. கிட்டத்தட்ட 65 கிலோமீட்டர். செருப்பு கிடையாது.

மூணு வருஷத்துக்கு முன்னாடி அப்படிப் போயிட்டு வந்தப்போ, வலது கால் கட்டை விரலுக்குக் கீழ ஒரு கொப்புளம். அப்பாவுக்கு வலியே தெரியலை. பத்து வருஷமா சுகர். ரொம்ப நாள் சுகர் இருந்தா பாதத்துல உணர்ச்சி குறைஞ்சுடும், அடி பட்டாலும் தெரியாதுங்கறதை அப்பதான் நாங்க தெரிஞ்சுக்கிட்டோம். கொப்புளம் புண்ணாச்சு. ஆற ரெண்டு மாசம் ஆச்சு. "இனிமே வெறுங்காலோட நடக்கவே கூடாது. ஆனா தினமும் ஷூ போட்டுக்கிட்டு நடந்தே ஆகணும்"னு டாக்டர் சொல்லிட்டார்.

அடுத்த ரெண்டு தைப்பூசத்துக்கும் அப்பா வீட்டு வாசல்ல நின்னு, ரோட்டுல போற பச்சை வேட்டிக்காரங்களைப் பார்த்துட்டு இருந்தார். மூணாவது வருஷம் நான் சொன்னேன். "அப்பா, இந்தத் தடவை உங்களுக்குப் பதிலா நான் போறேனுங்க."

அப்பா சிரிச்சார். "எனக்குப் பதிலா நீ எப்படிக் கண்ணு நடப்ப? உன்ற காலு, உன்ற நடை. நீ போய்ட்டு வா. நான் எனக்கு நடந்துக்கறேன்."

அந்த வார்த்தை அப்போ எனக்குப் புரியலை.

ரெண்டு நாள் நடந்தேன். முதல் நாள் பாட்டும் அரோகராவுமா போயிடுச்சு. ரெண்டாம் நாள் உடுமலை தாண்டி, காத்தாலைங்க சுத்துற வெட்டவெளியில் வெயில் ஏறினப்போ, நடக்கிறது மட்டும்தான் மிச்சம் இருந்துச்சு. சண்முகநதியில் இறங்கிக் குளிச்சப்போ பாதம் எரிஞ்ச எரிச்சல் இன்னும் ஞாபகம் இருக்கு. மலையேறி தரிசனம் முடிச்சு, கிரிவீதியில் உட்கார்ந்து அப்பாவுக்கு ஃபோன் போட்டேன். கண்ணெல்லாம் தண்ணி. அந்த வேகத்துல சொன்னேன்: "அப்பா, நாளன்னைக்கில இருந்து 48 நாள். தினமும் காலையில 45 நிமிஷம். நீங்க அங்க, நான் சென்னையில. முருகன் சந்நிதியில இருந்து சொல்றேனுங்க."

"சரி கண்ணு"ன்னார் அப்பா. வேற எதுவும் சொல்லலை.

21வது நாள்

சென்னையில் துரைப்பாக்கம் பக்கம் மூணு பேரா வீடு எடுத்துத் தங்கியிருக்கோம். ஓ.எம்.ஆர் சர்வீஸ் ரோட்டுல காலையில் அஞ்சே முக்காலுக்கு நடை. ஃபோன்ல ஒரு ஆப். தொடர்ந்து எத்தனை நாள் நடந்தேன்னு ஒரு நெருப்புப் படத்தோட எண்ணிக்கை காட்டும். 5, 10, 15. ராத்திரி எட்டரைக்கு அப்பா கூப்பிடுவார். "நடந்தியா கண்ணு?" "நடந்தேனுங்ப்பா. நீங்க?" "ஆச்சு." இவ்வளவுதான் பேச்சு. ஆனா அந்த அரை நிமிஷத்துக்காகவே நடந்த நாளும் உண்டு.

22வது நாள் ரிலீஸ். ராத்திரி ஒரு பிரச்சினை வந்து விடிகாலை மூணரை வரைக்கும் லேப்டாப் முன்னாடி. காலையில் எழுந்தப்போ மணி பத்து. ஆப்பைத் திறந்தேன். 21 இருந்த இடத்துல 0.

உண்மையைச் சொல்றேன், நடக்காம விட்டதை விட அந்த 0 தான் வலிச்சுச்சு. மறுநாள் எழுந்திருக்க முடிஞ்சுது, ஆனா எழுந்திருக்கலை. இனி எழுந்து என்ன, 1ல இருந்துதானே? நனைஞ்ச பிறகு முக்காடு எதுக்குன்னு நம்ம ஊர்ல சொல்லுவாங்களே, அதேதான். ரெண்டு நாள் மூணு நாளாச்சு. மூணு நாள் மாசமாச்சு.

ஃபோன் மட்டும் நிக்கலை. எட்டரை மணி. "நடந்தியா கண்ணு?"

"நடந்தேனுங்ப்பா."

முதல் தடவை சொன்னப்போ, நாளைக்கு நடந்து இதைச் சரி பண்ணிடலாம்னுதான் நினைச்சேன். பத்தாவது தடவை சொன்னப்போ அப்படி எதுவும் நினைக்கலை. 48 நாள் முடிஞ்சப்போ அப்பா, "நல்லா முடிச்சுட்ட சாமி, நிறுத்தாம அப்படியே போ"ன்னார். "சரிங்ப்பா"ன்னேன்.

வைகாசியில் ஊருக்குப் போனேன். காலையில் ஆறு மணிக்கு அப்பா வந்து எழுப்பினார். "வா, ரெண்டு பேரும் போலாம்." ஷூ மாட்டி, சாக்ஸை ஒழுங்கா இழுத்து விட்டு, அப்பா முன்னாடி நடந்தார். பாலக்காட்டுக் கணவாய்க் காத்து முகத்துல அடிக்குது. தோப்பு ஓரமாப் போற ரோடு. ஒரு கிலோமீட்டர் தாண்டறதுக்குள்ள எனக்கு மூச்சு வாங்குச்சு. 61 வயசுக்காரர் முன்னாடி போறார், 28 வயசுக்காரன் பின்னாடி நின்னு நின்னு வர்றேன். அப்பா திரும்பிப் பார்த்தார். ஒண்ணும் சொல்லாம டீக்கடைக்குத் திரும்பினார்.

"எப்பக் கண்ணு உட்ட?"

"மாசியிலயேங்ப்பா."

சக்கரை இல்லாத டீயை அப்பா மெதுவாக் குடிச்சார். திட்டலை. ஏன் பொய் சொன்னேன்னு கேட்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழிச்சுச் சொன்னார்: "நான் தெனமும் நடந்தேன். நீயும் அங்க நடக்கறேன்னு நெனச்சுட்டே நடந்தேன்."

அவ்வளவுதான். தலை நிமிர முடியலை எனக்கு.

தப்பு எங்க இருந்துச்சு?

அன்னைக்கு முழுக்க இதையே யோசிச்சேன். நான் செஞ்ச தப்பு எது? நடக்காம விட்டதா?

பாதயாத்திரையில் எத்தனை தடவை உட்கார்ந்தேன்னு எண்ணிப் பார்த்தேன். எண்ண முடியலை. அன்னதானப் பந்தல்ல உட்கார்ந்தோம். புளியமரத்தடியில் துண்டை விரிச்சுப் படுத்தோம். ராத்திரி கல்யாண மண்டபத்துல ஆறு மணி நேரம் தூங்கினோம். யாராவது, "நீ உட்கார்ந்துட்ட, உன் பாதயாத்திரை முறிஞ்சு போச்சு, திரும்ப பொள்ளாச்சியில இருந்து நட"ன்னு சொன்னாங்களா? உட்கார்றதும் யாத்திரையில் ஒரு பகுதிதான். 65 கிலோமீட்டரை யாரும் ஒரே நடையா நடக்கிறதில்லை. எழுந்து எழுந்து நடந்ததைத்தான் கடைசியில் ஒரே யாத்திரைன்னு சொல்றோம்.

"சரி, மரத்தடியில ஒரு மணி நேரம் உட்கார்றதும், மூணு மாசம் படுத்துக் கிடக்கிறதும் ஒண்ணா?"ன்னு நீங்க கேட்கலாம். ஒண்ணு இல்லை. நானும் அந்த இடத்துலதான் மாட்டிக்கிட்டேன். ஓய்வு எங்க முடியுது, கைவிடறது எங்க தொடங்குது? மணிக்கணக்கு வச்சு இதுக்குப் பதில் சொல்ல முடியாதுன்னு தோணுது. மரத்தடியில் உட்கார்றவன் கூட வந்தவங்க கிட்ட, "கால் முடியலைங்க, நீங்க போங்க, நான் பின்னாடி வர்றேன்"னு சொல்லிட்டு உட்கார்றான். எல்லாருக்கும் தெரியும் அவன் எங்க இருக்கான்னு. யாராவது தண்ணி கொண்டாந்து குடுப்பாங்க, கை குடுத்துத் தூக்குவாங்க. நான் செஞ்சது வேற. உடுமலையில் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கிட்டு, "மடத்துக்குளம் தாண்டிட்டேன்"னு ஃபோன்ல சொன்ன மாதிரி. என் பக்கத்துல ஒரு ஆள் நடக்கிறான்னு நம்பி அப்பா நடந்தார். அந்த இடம் காலியா இருந்துச்சு.

நம்ம வேலையில் இருக்கிறவங்களுக்கு இது ஈசியாப் புரியும். சர்வர் விழறது குத்தம் இல்லை. எல்லா சர்வரும் ஒரு நாள் விழும். விழுந்தா என்ன ஆச்சுன்னு லாக் எடுத்துப் பார்ப்போம், சரி பண்ணுவோம், திரும்பக் கிளப்புவோம். ஆனா ஒருத்தன் பயந்துபோய் லாக்கையே அழிச்சுட்டான்னா? அப்புறம் என்ன உடைஞ்சதுன்னு யாருக்கும் தெரியாது, சரி பண்ணவும் முடியாது. நான் மூணு மாசம் லாக்கை அழிச்சுட்டு இருந்தேன். நடக்காதது சோம்பல். மறைச்சதுதான் தப்பு. இந்த ரெண்டையும் ஒண்ணாக் கலந்து வச்சுக்கிட்டதாலதான் சோம்பலும் போகலை. உண்மையைச் சொல்லியிருந்தா, அப்பா 23வது நாளே, "பரவால்ல, நாளைக்கு நட"ன்னு சொல்லியிருப்பார்.

கணக்கு யார் போட்டது?

அடுத்த கேள்வி. 21 நாள் நடந்தது 0 ஆயிடுச்சா?

ஆப் அப்படிச் சொல்லுது. உடம்பு அப்படிச் சொல்லலை. நடக்கும்போது தசைகள் ரத்தத்துல இருக்கிற சக்கரையை எடுத்துச் செலவு பண்ணுது. நடந்து முடிச்ச பிறகும் ஒரு நாள், சில சமயம் ரெண்டு மூணு நாள் வரைக்கும் இன்சுலின் நல்லா வேலை செய்யுது. அதனாலதான் சுகர் இருக்கிறவங்களுக்கு வாரத்துல 150 நிமிஷம் நடக்கச் சொல்ற அமெரிக்க நீரிழிவுச் சங்கம், தொடர்ந்து ரெண்டு நாளுக்கு மேல விடாதீங்கன்னும் சேர்த்துச் சொல்லுது. கவனிங்க, ஒரு நாள் கூட விடாதீங்கன்னு சொல்லலை. உடம்போட கணக்குல ஒரு நாள் விட்டா ஒரு நாள் குறைஞ்சது, அவ்வளவுதான். முன்னாடி நடந்ததைப் போய் அது அழிக்கிறதில்லை. அதே சமயம் அது பழைய பெருமையையும் ரொம்ப நாள் தூக்கிச் சுமக்கிறதில்லை. ரெண்டு நாள்ல 65 கிலோமீட்டர் நடந்தேன்னு நான் சொன்னா, வைகாசியில் என் நுரையீரலுக்கு அது ஞாபகமே இல்லை.

10,000 ஸ்டெப்ஸ் கதை தெரியுமா? 1965ல ஜப்பானில் ஒரு கம்பெனி காலடி எண்ணுற கருவியை வித்துச்சு. அதுக்கு வச்ச பேருக்கே 'பத்தாயிரம் காலடி மீட்டர்'னுதான் அர்த்தம். விளம்பரத்துக்கு வச்ச எண் உலகம் முழுக்க ஒரு விதி மாதிரி ஆயிடுச்சு. '21 நாள் செஞ்சா பழக்கமாயிடும்'ங்கறதும் 1960ல மேக்ஸ்வெல் மால்ட்ஸ்னு ஒரு அமெரிக்கப் பிளாஸ்டிக் சர்ஜன் எழுதின புத்தகத்துல இருந்து பரவினது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் கூட இருந்தவங்களும் 96 பேரை வச்சு ஒரு ஆய்வு பண்ணி 2010ல வெளியிட்டாங்க. ஒரு பழக்கம் படிய சராசரியா 66 நாள் ஆச்சாம். ஆனா ஆளுக்கு ஆள் 18 நாள்ல இருந்து 254 நாள் வரைக்கும் வித்தியாசம். அதுல எனக்குப் பிடிச்ச இன்னொரு முடிவு: நடுவில் ஒரு நாள் விட்டதால பழக்கம் படியறது பெருசா கெடலை.

அப்போ என்னைக் கெடுத்தது 22வது நாள் இல்லை. 23வது நாள் காலையில் படுக்கையில் கிடந்து நான் பண்ணின யோசனை. டயட்ல இருக்கிறவங்க ஒரு தடவை தவறிட்டா, "ஆனது ஆச்சு"ன்னு அன்னைக்கு முழுக்க சாப்பிட்டுத் தீர்க்கிறதை ஜேனட் பொலிவி, பீட்டர் ஹெர்மன்னு கனடாவுல ரெண்டு உளவியல் பேராசிரியர்கள் பல வருஷம் ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. நம்ம பாட்டிங்க முக்காடு பழமொழியில் சொன்னதும் அதைத்தான். மழையில் முழுக்க நனைஞ்சவன் முக்காடு போட்டும் பிரயோசனம் இல்லைங்கறது சரி. ஆனா நான் நனைஞ்சது ஒரு சொட்டு. மீதியை நானே குடத்தை எடுத்துத் தலையில் ஊத்திக்கிட்டேன்.

முருகா, மோட்டிவேஷன் குடு

அந்த மூணு மாசத்துல நான் சாமி கும்பிடாம இல்லை. வடபழனி போனேன். கந்தகோட்டம் போனேன். என்ன வேண்டினேன் தெரியுமா? "முருகா, எனக்கு நடக்கணும்ங்கற ஆர்வத்தைக் குடு."

இப்போ நினைச்சா சிரிப்பு வருது. ஆபீஸ்ல நமக்கு வந்த வேலையை டிக்கெட் போட்டு அடுத்தவன் பேருக்கு மாத்தி விடுவோமே, அது மாதிரி என் காலோட வேலையை முருகன் பேருக்கு மாத்தி விட்டுட்டு, அவர் முடிக்கிற வரைக்கும் நான் சும்மா இருந்தேன். ஆர்வம் வந்தா நடப்பேன். வரலைன்னா அது அவர் பாக்கி.

கடவுள்கிட்ட எதை வேணா கேட்கலாம்ங்கறது என் நம்பிக்கை. ஆனா நம்ம கையில், நம்ம கால்ல ஏற்கெனவே குடுத்திருக்கிறதை மறுபடி கேட்கிறது வேண்டுதலா, தள்ளிப் போடறதான்னு நம்மளை நாமளே கேட்டுக்கணும். அப்பாவோட கால்ல உணர்ச்சி குறைஞ்சுது. அதுக்கு வேண்டலாம். என் கால் நல்லாத்தானே இருந்துச்சு?

ஆர்வம் முதல்ல வரணும்ங்கறதே தப்புக் கணக்கு. யாத்திரையோட ரெண்டாம் நாள் மத்தியானம் எங்க குழுவில் ஒருத்தருக்குக் கூட ஆர்வம் இல்லை. கால் எரியுது, தொடை உரசிப் புண்ணாயிருக்கு. ஆனாலும் நடந்தோம், ஏன்னா பக்கத்துல ஆள் நடந்தாங்க. அப்படியே நடந்து நடந்து சாயங்காலம் காத்து குளிர்ந்தப்போ, யாரோ பாட ஆரம்பிச்சாங்க, எங்களுக்கும் குரல் வந்துச்சு. நாங்க போய்க் கூப்பிடலை, நடந்துட்டு இருந்தப்போ அதுவா வந்து சேர்ந்துக்கிச்சு.

இன்னொண்ணும் யோசிச்சேன். காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் தைப்பூசத்துக்குக் காவடியோட பழனிக்கு நடந்து வருவாங்க. நடந்தே ஊர் திரும்புற வழக்கமும் அவங்ககிட்ட உண்டு. நம்மள்ல பல பேர் மலை இறங்கின உடனே பஸ் ஏறிடறோம். போகும்போது பந்தல், பாட்டு, கூட்டம் எல்லாம் இருக்கும். திரும்பி நடக்கும்போது திருவிழா முடிஞ்சிருக்கும். எதிர்ல தரிசனம் இல்லை, வீடுதான். தினசரி நடைங்கறது அந்தத் திரும்புற நடை மாதிரி. கிரிவீதியில் அழுதுட்டே நான் குடுத்த வாக்கு, போற நடையோட வேகத்துல குடுத்தது. நிறைவேத்த வேண்டியது திரும்புற நடையில். அந்த வித்தியாசம் எனக்குத் தெரியலை.

மறுபடி சொல்ல உரிமை இருக்கா?

ஆரம்பத்துல கேட்ட கேள்விக்கு வர்றேன். ஒரு தடவை மீறினவன் திரும்ப வாக்கு குடுக்கலாமா?

எனக்குள்ள ஒரு குரல், "உனக்கு அந்தத் தகுதி இல்லை. முருகன் முன்னாடி சொல்லியே மீறினவன் நீ"ன்னு சொல்லிட்டே இருந்துச்சு. கேட்க ரொம்ப அடக்கமா, பக்தியா இருக்குல்ல? ரொம்ப நாள் நானும் அதைப் பணிவுன்னுதான் நினைச்சேன். அப்புறம்தான் அந்தக் குரல் பேசின நேரத்தைக் கவனிச்சேன். காலையில் அஞ்சே முக்காலுக்குத்தான் பேசுது. போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போர்த்திக்கச் சொல்லுது. நான் தகுதி இல்லாதவன்னு ஒத்துக்கிட்டா, அப்புறம் நடக்க வேண்டியதில்லையே! குற்ற உணர்ச்சி நம்மளை எழுப்பி விட்டா நல்லது. படுக்க வச்சா, அது சோம்பல் போட்ட வேஷம்.

அருணகிரிநாதர் வரலாறு நமக்கெல்லாம் தெரியும். இளமையை வீணாக்கிட்டு, வெறுத்துப்போய் திருவண்ணாமலைக் கோபுரத்துல இருந்து குதிச்சவரை முருகன் தாங்கினார்னு சொல்லுவாங்க. தாங்கினவர், "போன வருஷங்களுக்கு முதல்ல கணக்கு குடு"ன்னு கேட்டதா நான் கேள்விப்பட்டதில்லை. பாட அடி எடுத்துக் குடுத்தார், அடுத்த வேலையைக் குடுத்தார்னுதான் சொல்றாங்க. நான் என்னை அவரோட ஒப்பிடலை. கடவுள் எப்படிக் கணக்குப் பார்ப்பார்னு நான் பயந்தேனோ, அந்தக் கணக்கு ஆப்போட கணக்கு. எங்கேயும் அது முருகனோட கணக்குன்னு நான் படிச்சதில்லை.

இருந்தாலும் அந்தக் குரல்ல ஒரு நியாயம் இருக்கு. சொல்லுக்கு ஒரு மதிப்பு உண்டு. மீற மீற அது தேயும். "நாளையில இருந்து கண்டிப்பா"ன்னு பத்து தடவை சொன்னவன் பதினொண்ணாவது தடவை சொன்னா, அவனே நம்ப மாட்டான். அதனால நான் ஒரு முடிவுக்கு வந்தேன். மறுபடி நடக்க எப்பவும் உரிமை உண்டு, அதுக்கு யாரோட அனுமதியும் வேண்டாம். மறுபடி வாக்கு குடுக்கத்தான் அவசரப்படக் கூடாது. முதல்ல கால் நடக்கட்டும். சொல் பின்னாடி வரட்டும். நடந்து முடிச்சுட்டு, "இன்னைக்கு நடந்தேன்"னு சொல்ற சொல்லுல பொய்க்கு இடம் இல்லை.

இப்போ

டீக்கடையில் அப்பா கடைசியாக் கேட்டது இதுதான்: "நாளைக்கு ஆறு மணிக்குப் போலாமா?" 48 நாளைப் பத்திப் பேசலை. நாளைக்கு மட்டும்.

மறுநாள் 20 நிமிஷம் நடந்தோம். அதுக்கு மறுநாளும். சென்னைக்கு வந்ததும் முதல் வேலையா அந்த நெருப்புப் பட ஆப்பைத் தூக்கினேன். 45 நிமிஷத்தை விட்டுட்டு 15 நிமிஷம்னு வச்சேன். அக்னி வெயில் முடிஞ்சும் புழுக்கம் போகலை, நாய்த் தொல்லை வேற. ரோட்டுல முடியாத அன்னைக்கு மொட்டை மாடியில் சுத்துவேன். ஷூ கதவுப் பக்கத்துலயே கிடக்கும். லேட்டா தூங்கின அன்னைக்கு காலையை விட்டுட்டு, ராத்திரி சாப்பிட்ட பிறகு நடப்பேன். ஒரு நாள் விடலாம். அடுத்த நாள் அஞ்சு நிமிஷமாவது தெருமுனை வரைக்கும் போயிட்டு வரணும். இது நான் யாருக்கும் குடுத்த வாக்கு இல்லை, வச்சுக்கிட்ட வழி.

எட்டரை மணி ஃபோன் இப்பவும் வருது. ரெண்டு மாசத்துல ஒன்பது பத்து தடவை "இன்னைக்கு இல்லிங்ப்பா"ன்னு சொல்லியிருக்கேன். முதல் தடவை சொல்ல நாக்கு எழலை. அப்பா, "ம், சரி. எனக்கும் இன்னைக்கு மழை"ன்னார். அப்பதான் தெரிஞ்சுது, அவரும் சில நாள் விடறார்னு. முன்னாடி நான் பொய் சொன்ன நாள்ல, அவர் அதைச் சொல்லக்கூட கூச்சப்பட்டிருப்பாரோ என்னவோ. தினமும் நடக்கிற பையன்கிட்ட அப்பா எப்படிச் சொல்லுவார்?

பெரிய அதிசயம் எதுவும் நடக்கலை. இப்போ 30 நிமிஷம் மூச்சு வாங்காம நடக்கிறேன். அப்பா காலை தினமும் ராத்திரி அம்மா டார்ச் அடிச்சுப் பார்க்கிறாங்க, புண் எதுவும் இல்லை. அடுத்த தைப்பூசத்துக்கு நடந்து போகணும்னு ஆசை இருக்கு. வேண்டுதலா இன்னும் வைக்கலை. அப்பா, கடைசி கொஞ்ச தூரம், சண்முகநதியில் இருந்து மட்டும், ஷூ போட்டுக்கிட்டே கூட வரலாமான்னு டாக்டர்கிட்ட கேட்கணும்னு சொல்லிட்டு இருக்கார். உங்க வீட்டுலயும் சுகர், இதய நோய், மூட்டு வலி இருக்கிறவங்க இருந்தா, டாக்டரைக் கேட்காம வெறுங்காலோடயோ ரொம்ப தூரமோ நடக்க விடாதீங்க. முருகனுக்காக நடக்கிற காலைப் பத்திரமா வச்சுக்கிறதும் அவருக்குச் செய்யற மரியாதைதான்.

நடையோ, விரதமோ, படிப்போ, ஏதோ ஒண்ணை விட்டுட்டு, அதை யார்கிட்டயும் சொல்லாம இருக்கிறவங்க இதைப் படிச்சுட்டு இருந்தீங்கன்னா, ஒரே ஒரு வேண்டுகோள். புதுசா சபதம் எதுவும் எடுக்காதீங்க. நீங்க இன்னும் செஞ்சுட்டு இருக்கீங்கன்னு நம்பிட்டு இருக்கிற அந்த ஒருத்தர் கிட்ட, விட்டுட்டேன்னு இன்னைக்குச் சொல்லிடுங்க. அப்புறம் நாளைக்குக் காலையில் ஒரு 15 நிமிஷம்.

மணி எட்டு இருபத்தஞ்சு. இன்னைக்கு நடந்தாச்சு. அப்பா ஃபோன் வர்ற நேரம்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!